காரைக்குடிப் பொருட்காட்சி ராட்டினங்கள்: உயரத்துக்குக் கோல் உண்டு, உடல்வாகுக்கு அளவில்லை

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி–பங்குனித் திருவிழாவையொட்டிக் காரைக்குடியில் போடப்பட்டிருந்த பொருட்காட்சியின் டெல்லி அப்பளத்தைப் பற்றியும் மிளகாய் பஜ்ஜியைப் பற்றியும் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. இரண்டும் எல்லா ஆண்டும் இருப்பதுபோலவே இருந்தன. ராட்டினங்களில் யாரை ஏற்றுகிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள், எந்த அளவை வைத்து அதை முடிவு செய்கிறார்கள் என்பதையே இங்கு எழுதுகிறேன். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும், சற்றுப் பருத்த உடல்வாகு கொண்டவர்களும் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ஒவ்வொரு ராட்டினத்தின் நுழைவாயிலிலும் வெள்ளை வண்ணம் பூசிய இரும்புக் கோல் ஒன்றை நட்டு, அதில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். டிராகன் ரயிலுக்கு மூன்றரை அடி, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடும் கப்பலான கொலம்பஸுக்கும், சுழலும் தட்டின்மேல் இருக்கைகளும் சுழலும் பிரேக் டான்ஸுக்கும் நான்கு அடி. கோல் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. கொலம்பஸ் வாசலில் இருந்த இளைஞர், தடித்த செருப்பு அணிந்து வந்த சிறுவனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலைக் கோலோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமீது ஒரு அட்டையைக் கிடையாகப் பிடித்துப் பார்த்தார். தலை கோட்டுக்குக் கீழே இருந்தது. சிறுவனின் தந்தை, "தம்பி, அவனுக்குப் பத்து வயசு முடிஞ்சிருச்சு, கொஞ்சம் பாத்து ஏத்திவிடுங்க" என்று கேட்டதற்கு, "வயசு கம்பிக்குத் தெரியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்தார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. நான்கு அடி என்பது ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். அமெரிக்கப் பூங்காக்களின் ரோலர் கோஸ்டர்கள் பலவற்றிலும் 48 அங்குலம் என்று எழுதியிருப்பது இதே அளவுதான். உயரம் என்பது இங்கே தொடையின் நீளத்துக்கும் இடுப்பின் அகலத்துக்கும் தரப்படும் ஓர் எளிய அடையாளமேயாகும், ஏனெனில் வாசலில் நிற்கும் ஒருவரால் ஒவ்வொரு குழந்தையின் தொடையையும் அளந்துகொண்டிருக்க முடியாது. மடியின்மேல் இறங்கும் கம்பி தொடையை அழுத்திப் பிடித்தால்தான் உடல் இருக்கையோடு இருக்கும். சிறு பிள்ளைகளின் தொடை மெலிந்தும் குறுகியும் இருப்பதால், கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் நொடியில் உடல் மேலெழும்பும்போது, கம்பிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு முன்னே சரிந்துவிடக்கூடும். கால் தரையில் ஊன்றாத பிள்ளைக்கு அந்தச் சரிவைத் தானாகத் தடுக்கவும் வழியில்லை.

ஆனால் உயரக் கோல் காட்டாத ஒன்று இருக்கிறது. பெற்றோர் பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கொலம்பஸில் ஒரு வரிசைக்கு ஒரே கம்பி. அந்தக் கம்பி, வரிசையில் இருப்பவர்களிலேயே பருமனானவரின் உடலைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்குமேல் யாருக்காகவும் இறங்காது. என் அண்ணன் நல்ல ஆகிருதி உடையவர். அவருக்குப் பக்கத்தில் எட்டு வயதான அவர் மகள் உட்கார்ந்தாள், கம்பி அவர் வயிற்றில் முட்டி நின்றது, பூட்டும் விழுந்தது. ஆனால் பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதாவது உயரக் கோலில் தேறிய பிள்ளை, தகப்பனுக்கு அருகில் இருந்த காரணத்தாலேயே பாதுகாப்பை இழந்திருந்தாள். வரிசையாகக் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்த அதே இளைஞர் எங்களிடம் வந்ததும் நின்று, "பாப்பா, நீ எந்திரிச்சு அத்தை பக்கத்துல வந்து உக்காரு" என்று அவளை அடுத்த வரிசைக்கு மாற்றி, கம்பி அவள் தொடையில் படியும்வரை அழுத்திவிட்டுத்தான் போனார். அவருக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். சொல்லிக்கொடுத்திருந்தால் டிராகன் ரயிலில் இருந்தவரும் செய்திருப்பார். அங்கே தாயும் தந்தையும் குழந்தையை நடுவில் அமர்த்திக்கொண்டதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டால் பத்திரம் என்று நாம் நினைப்பது இயல்பு. பொதுக் கம்பி உள்ள ராட்டினத்தில் அது நேர்மாறாகும். பருமனானவர்கள் ஒரு வரிசையிலும், பிள்ளையும் மெலிந்த பெரியவர் ஒருவரும் இன்னொரு வரிசையிலும் அமர்வதே முறை.

இனி குறைக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு இவ்வளவு கவனமாகக் கோல் நட்டவர்கள், பெரியவர்களின் எடைக்கோ பருமனுக்கோ எந்த வாசலிலும் ஓர் அறிவிப்பு வைக்கவில்லை. எல்லாம் ஆபரேட்டரின் கண்மதிப்பில் நடக்கிறது, அதுவும் டிக்கெட் கொடுத்து உள்ளே போய் இருக்கையில் அமர்ந்த பிறகு நடக்கிறது. பிரேக் டான்ஸில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் பேரப்பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்தார். கம்பி பூட்டும் இடத்துக்கு நான்கு விரல் முன்பே நின்றுவிட்டது. ஆபரேட்டர் ஒருமுறை அழுத்திப் பார்த்தார், பிறகு இன்னொருவரையும் கூப்பிட்டு இருவருமாக அழுத்திப் பார்த்தார்கள், கடைசியில், "ஆச்சி, பூட்டு விழல, நீங்க எறங்கிக்கங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் சிரித்தது. அவரை இறக்கியது சரி. பூட்டு விழாமல் ஓட்டியிருந்தால்தான் குற்றம். அவர் அந்த இருக்கைவரை வர நேர்ந்ததுதான் தவறு, அந்தத் தவறு அவருடையதன்று. விருந்துக்கு உட்கார்ந்தவரை இன்னும் ஒரு கந்தரப்பம் வைத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தும் ஊரில், மெலிந்த ஆளை மட்டும் மனத்தில் வைத்து இருக்கை செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் டிக்கெட் விற்பது நியாயமாகாது.

எடை வரம்பை வெறும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில், உயரமான கோபுரத்திலிருந்து செங்குத்தாக விழும் ராட்டினம் ஒன்றிலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த ராட்டினத்தின் கையேட்டில் ஏறுபவருக்கான எடை வரம்பு 130 கிலோ என்று இருந்தது. சிறுவனின் எடை அதைவிட மிக அதிகம். அவன் அமர்ந்த இருக்கையின் சென்சார் கையால் மாற்றியமைக்கப்பட்டிருந்தது என்றும், அதனால் தோள்வழியே இறங்கும் பூட்டு வழக்கத்தைவிட அகலமாகத் திறந்து நின்றபோதும் இயந்திரம் அதை ஏற்றுக்கொண்டு கிளம்பியது என்றும் விசாரணையில் தெரியவந்தது. கையேட்டில் வரம்பு இருந்தும், ஏற்றுகிற இடத்தில் அது ஆளைத் தடுத்து நிறுத்தவில்லை.

அதே சமயம், கிலோக் கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 100 கிலோ எடையுள்ள இருவரில், தோளும் மார்பும் அகன்றவருக்குத் தோள்பூட்டு இறங்காது. வயிறு முன்தள்ளியவருக்கு மடிக்கம்பி தொடையைத் தொடாது, வயிற்றின் மேலேயே நின்றுவிடும். வயிறு மிருதுவானது, ஆட்டத்தில் அமுங்கக்கூடியது. ஆகவே வயிற்றைப் பிடித்த கம்பி பிடித்ததாகவே ஆகாது. இந்தச் சிக்கலுக்கு எளிய வழி, ராட்டினத்தின் இருக்கை ஒன்றைப் பூட்டோடு சேர்த்து வாசலிலேயே வைத்துவிடுவது. டெக்சாஸில் 2013-இல் ஒரு பெண் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்த பிறகு, அதை மீண்டும் திறந்தபோது கம்பியின் மெத்தைகளை மாற்றி, இருக்கைப் பட்டை சேர்த்ததோடு, வருகிறவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வாசலில் ஒரு மாதிரி இருக்கையும் வைத்தார்கள். ஊர் ஊராக லாரியில் போகும் பொருட்காட்சிக்காரர்களிடம் கழித்துப்போட்ட பழைய இருக்கை ஒன்றுகூடவா இருக்காது? மேலாளரிடம் இதைச் சொன்னேன். "நல்ல யோசனைதாங்க" என்று கேட்டுக்கொண்டார்; அதற்குமேல் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மற்ற ராட்டினங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெயண்ட் வீலின் ஒவ்வொரு பெட்டியிலும் "4 பேர், 300 கிலோ" என்று எழுதியிருந்தது, பாதி எழுத்து அழிந்திருந்தாலும். அதைக் கவனித்து, பருமனான ஆண்கள் நால்வர் வந்தபோது மூவரை ஒரு பெட்டியிலும் ஒருவரை அடுத்ததிலும் ஏற்றினார்கள்; ஒரு பக்கமே நிரம்பாதபடி எதிரெதிர்ப் பெட்டிகளை மாற்றி மாற்றி நிரப்பவும் செய்தார்கள். சங்கிலியில் தொங்கும் இருக்கைகள் கொண்ட குடை ராட்டினத்தில் கனமானவர்கள் வெளியே வீசப்படுவார்கள் என்று வரிசையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது தவறு. இருக்கை சாயும் கோணம் சுழலும் வேகத்தையும் மையத்திலிருந்து உள்ள தொலைவையும் பொறுத்தது, ஆளின் எடையைப் பொறுத்ததன்று. 40 கிலோ சிறுமியும் 90 கிலோ ஆளும் ஏறக்குறைய ஒரே சாய்வில்தான் பறப்பார்கள். எடை கூடினால் பாரம் ஏறுவது சங்கிலியிலும் கொக்கியிலும்தான், ஆகவே அங்கே வரம்பு வேண்டியது அவற்றின் வலுவுக்காக. எடை இயந்திரம் வைத்திருந்த ஒரே இடம், ரப்பர் கயிற்றில் கட்டிக் குதிக்கவிடும் விளையாட்டு. அதில் எடைக்கேற்பக் கயிறுகளைக் கூட்டியும் குறைத்தும் மாட்டாவிட்டால் விளையாட்டே நடக்காது என்பதால் வைத்திருக்கிறார்கள்.

ராட்டினங்களின் பாதுகாப்புக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 15475 என்ற தரவிதி இருக்கிறது. உலக அளவில் 2015-இல் வந்த ஐஎஸ்ஓ 17842, வடிவமைப்பு, இயக்கம், சோதனை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தயாரித்தவர் சொன்ன எடை வரம்பைக் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி டிக்கெட் கவுண்டரில் ஒட்ட ஒரு பெயின்ட் டப்பா போதும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பொருட்காட்சியை, மேலே சொன்ன அமரும் முறையோடு, தயங்காமல் பரிந்துரைப்பேன். பருமனானவர்களுக்கு ஜெயண்ட் வீல் பொருந்தும். பிரேக் டான்ஸின் இருக்கை குறுகலானது, கொலம்பஸில் கம்பி தொடைவரை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா ராட்டினங்களுக்கும் சேர்த்து விற்கும் சலுகைச் சீட்டின் பின்பக்கத்தில், ஏற்ற மறுத்தால் பணம் திரும்பாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆச்சிக்கும் அதைக் காட்டித்தான் முதலில் மறுத்தார்கள், பேரன் விடாமல் பேசியதில் ஜெயண்ட் வீலுக்கு மாற்றுச் சீட்டு கொடுத்தார்கள். பொருந்துமா என்ற ஐயம் இருப்பவர்கள் சலுகைச் சீட்டை விட்டுவிட்டு, வேலிக்கு வெளியே நின்று ஒரு சுற்று பார்த்த பிறகு அந்தந்த ராட்டினத்துக்குத் தனி டிக்கெட் எடுப்பது நல்லது.