அட்வான்ஸ் கொடுத்த பிறகு பின்வாங்குவது: ரத்தா, மௌனமா, கைமாற்றா?

மனையின் விலை 60 லட்சம், அட்வான்ஸ் 6 லட்சம், கெடு மூன்று மாதம். கிரைய ஒப்பந்தம் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது. இரண்டாவது மாதத்தில் வங்கி கடன் தர மறுக்கிறது. இனி வாங்க முடியாது என்று தெரிந்துவிட்ட பிறகு, தமிழ்நாட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன: இருவரும் சேர்ந்து ஒப்பந்தத்தை ரத்து செய்வது, பேசாமல் கெடுவைக் கடக்க விடுவது, வேறொருவரைத் தன் இடத்தில் நிறுத்துவது.

ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட்டால் முழுப் பணமும் வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். சிட்னியில் ஏலமின்றி வீடு வாங்குபவருக்குப் பொதுவாக ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு, விலையில் 0.25 சதவீதத்தை இழந்து விலகிக்கொள்ளலாம். இங்கே தனியாரிடம் மனை வாங்குபவருக்குச் சட்டம் அப்படி ஒரு நாளைக்கூடத் தரவில்லை.

பலரும் தேர்ந்தெடுப்பது மௌனத்தைத்தான். தொலைபேசியை எடுக்காமல் இருந்துவிட்டால் போனது அட்வான்ஸோடு போகட்டும் என்ற கணக்கு. எவ்வளவு போகும் என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்பதற்குப் பிணையாகக் கொடுக்கும் அச்சாரம் வேறு, விலையில் ஒரு பகுதியாகக் கொடுக்கும் முன்பணம் வேறு. 1963-இல் பதே சந்த் வழக்கில் விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் அச்சாரமாக 1,000 ரூபாயும், பிறகு 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார். அவர் தவறியதும் 25,000 ரூபாயையும் விற்பவர் தானே வைத்துக்கொள்ளப் பார்த்தார். அச்சாரத்தை வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த 24,000 ரூபாயைப் பறிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். நம் உதாரணத்தில் 6 லட்சம் முழுவதும் அச்சாரம் என்றே எழுதப்பட்டிருந்தால் நம்பிக்கை குறைவு. முன்பணம் என்றிருந்தால் கேட்க வழி உண்டு; ஆனால் பணம் விற்பவர் கையில் இருக்கிறது, வழக்கு போட வேண்டியவர் நீங்கள்.

ரத்து ஆவணம் இதைவிட மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒரு சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடுகிறது. ஒப்பந்தத்தால் மட்டும் சொத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு வரியைப் பார்த்த அடுத்த வாங்குபவர் தயங்குவார். அவருடைய வங்கியின் வழக்கறிஞர் முதலில் ரத்து ஆவணத்தைத்தான் கேட்பார். அதாவது, மனையை வேறொருவருக்கு விற்க விற்பவருக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். 6 லட்சத்தில் ஒன்றோ இரண்டோ லட்சத்தை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்ளும் பேச்சு நடப்பதே இதனால்தான். மௌனமாக இருப்பவர் இந்தத் துருப்புச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீணாக்குகிறார். கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கடந்தால் வழக்கு போடும் காலமும் முடிந்துவிடும், வில்லங்கச் சான்றின் அந்த வரியைப் பார்த்துப் பயந்தவர்களும் பயப்பட மாட்டார்கள். இதே பிடியை வைத்து, வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒப்பந்தம் போட்டு விற்பவரைக் கட்டிப்போடும் தரகர்களும் உண்டு. அது பேரம் அல்ல, மிரட்டல்.

கைமாற்றுக்கு ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். 'எழுதி வாங்குபவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ கிரையம் செய்து தருவது' என்ற வாசகம் இருந்தால் நல்லது. புதியவர் உங்கள் அட்வான்ஸை உங்களிடம் கொடுப்பார், விற்பவர் நேராக அவர் பெயருக்கே பத்திரம் எழுதித் தருவார். விலை ஏறும் பகுதியில் ஒரு பைசா இழக்காமல் வெளியேற இதைவிட நல்ல வழி இல்லை. விலை இறங்கும் இடத்தில் ஆள் கிடைக்க மாட்டார். நீங்கள் விலகுவதற்குக் காரணம் விற்பவரின் பத்திரத்தில் உள்ள ஓட்டை என்றால், அதை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது மோசடி. அந்த நிலையில் கணக்கே வேறு: தவறு விற்பவருடையது. கெடு முடிவதற்குள் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி முழுப் பணத்தையும் கேளுங்கள். கொடுத்த தொகைக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பிடிமானம் உண்டு. வங்கிக் கடன் கிடைக்காதது இந்த வகையில் சேராது. கடன் கிடைத்தால்தான் கிரையம் என்று எழுதியிருந்தால் ஒழிய அது உங்கள் பாடு.

விற்பவர் மனம் மாறினால்? அவர் பாடு இன்னும் மோசம். விற்பவர் தவறினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தர வேண்டும் என்ற ஷரத்து இருந்தால், அதைத் தந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது விலகுவதற்கான விலை என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாதவரை, அந்த ஷரத்து வாங்குபவரின் கையைக் கட்டாது. அவர் மீதிப் பணத்தோடு தயாராக இருப்பதைக் காட்டி, ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரக் கோரி, வழக்கு போடலாம். 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதை மறுக்க நீதிமன்றத்துக்கு இருந்த விருப்புரிமையையும் பெருமளவு எடுத்துவிட்டது. ஒப்பந்தம் பதிவாகவில்லையே என்றும் தப்ப முடியாது. அத்தகைய வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று, பதிவைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுத் திருத்தத்தைப் பரிசீலித்தே 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்பவருக்கு எஞ்சியிருப்பது வாங்குபவரின் சம்மதம் ஒன்றுதான்.

ரத்துக்குச் சம்மதித்த பிறகும் பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகத் திருப்பித் தந்தால், தந்தவருக்கு அதே அளவு அபராதம் விழக்கூடும். விற்பவர் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் தொகை அவருக்கு வரிக்குரிய வருமானம். பேரத்தின்போது இதை அவருக்கு நினைவூட்டலாம். எங்கள் குடும்பத்தில் ஒருமுறை, பணம் நாளை வரும் என்று நம்பி ரத்து ஆவணத்தில் முதலில் கையெழுத்திட்டார் சித்தப்பா. அந்த நாளை வர ஏழு மாதம் ஆயிற்று. டிமாண்ட் டிராஃப்டை வாங்கி, அதன் எண்ணை ஆவணத்திலேயே எழுதச் சொல்லி, அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.