பழைய போல்ட்டா, புதுசா?
பினாங்கு ஜார்ஜ் டவுனில் வீட்டு முன் அஞ்சடி நடையில் பழைய பிரிட்டிஷ் பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிளின் இரட்டை சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் எழுந்த கேள்வி இது.

மூடித் திருகுகளுக்குப் பழசே போதும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பாருங்கள். திருகின் புரி தேயாமல் இருந்தால் மாட்டலாம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் புரி மில்லிமீட்டர் போல்ட்டோடு சேராது. கடையில் கிடைத்ததைத் திணித்தால் எஞ்சினின் அலுமினியப் புரி போச்சு.

பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் போல்ட் வேறு கதை. இறுக்கும்போது அது கொஞ்சம் இழுபடும். எல்லை தாண்டி நீண்டுவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. ஓட்டத்தில் அறுந்தால் ராட் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அங்கே நட்டோடு சேர்த்துப் புதுசுதான், பேரமே கிடையாது.

பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்? பினாங்கு உப்புக் காற்றைத் தாங்கும், சரி. ஆனால் அரிப்பைத் தடுக்கும் பசை தடவாமல் மாட்டினால் அரிபடுவது அலுமினியம்தான்.