லகாஷ், அக்காத், ஊர்: மூன்று நகரங்கள், மூன்று ஆட்சி முறைகள்

பாடப்புத்தகம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். முதலில் இன்றைய தெற்கு ஈராக்கில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த சுமேரிய நகர அரசுகள், அப்புறம் அக்காத்தின் சர்கோன் வந்து எல்லாவற்றையும் சேர்த்து முதல் பேரரசைக் கட்டினார். நகர அரசு என்பது அரைகுறை, பேரரசுதான் முழுமை என்ற தொனி அதில் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அவை ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு ஆட்சி முறைகள். எது அதிக இடத்தைப் பிடித்தது என்று கேட்டால் ஒரு விடை, எது அதிக நாள் நின்றது என்று கேட்டால் வேறு விடை.

இதைச் சுமேரியருக்கும் அக்காடியருக்கும் நடந்த இனப்போராகப் பார்க்க வேண்டாம். சர்கோனுக்கு வெகுகாலம் முன்பே வடக்கே கிஷ் நகரத்து அரசர்கள் சிலருக்கு அக்காடிய மொழியைச் சேர்ந்த பெயர்கள்; சுமேரிய நூல்களைப் படியெடுத்த எழுத்தர்களிலும் அப்படிப் பெயர் கொண்டவர்கள் உண்டு. மொழி இரண்டு, ஆனால் கோயில்களும் வாய்க்கால்களும் பொது.

நகர அரசுக்கு உதாரணமாக லகாஷை எடுத்துக்கொள்கிறேன். உரூக் அதைவிடப் பழையது, பெரியது, கி.மு. 3200 வாக்கிலேயே 200 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நகரம், எழுத்து பிறந்த இடம். ஆனால் அங்கே கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்கு: இவ்வளவு பார்லி, இவ்வளவு பீர், இவ்வளவு ஆடு. அரசர் என்ன நினைத்தார் என்பது அவற்றில் இல்லை. லகாஷின் ஆட்சியாளர்கள் அப்படியில்லை, நிறையப் பேசினார்கள்.

பேச்சில் பாதி, பக்கத்து நகரமான உம்மாவோடு இருந்த நிலத் தகராறு. இரண்டுக்கும் நடுவே குயேதின்னா என்ற வளமான வயல்வெளி. கிஷ் அரசர் மெசிலிம் எல்லைக்கல் நட்டுக் கொடுத்தும் தகராறு ஓயவில்லை. லகாஷ் வென்றபோது, உம்மாக்காரர்கள் அந்த நிலத்தில் பயிரிடலாம், விளைச்சலில் பங்கு தர வேண்டும் என்று ஏற்பாடானது. தராத பார்லி கடனாக ஏறி, வட்டிக்கு வட்டி போட்டு, யாராலும் அடைக்க முடியாத தொகையானது. அடுத்து உம்மா வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டது, மறுபடி போர். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்த வழக்கை லகாஷின் ஆட்சியாளர் என்மெத்தெனா களிமண் கூம்பில் எழுதி வைத்திருக்கிறார். லகாஷ் தரப்பு மட்டும்தான் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

நகர அரசின் பலமும் பலவீனமும் இந்த வழக்கிலேயே தெரிகின்றன. ஆட்சியாளருக்குத் தன் வாய்க்கால், தன் களஞ்சியம், தன் கோயில் எல்லாம் அத்துப்படி. அவர் 'என்சி', அதாவது நகரத் தெய்வம் நிங்கிர்சுவின் சொத்தைப் பார்த்துக்கொள்பவர். ஆனால் பக்கத்து நகரத்துக்கும் அதேபோல ஒரு தெய்வம், ஒரு என்சி. இரண்டு தெய்வங்களுக்கிடையே தீர்ப்புச் சொல்ல மேலே நிலையான ஆள் இல்லை.

கி.மு. 2350 வாக்கில் லகாஷில் ஆட்சிக்கு வந்த உருஇனிம்கினா பல நூல்களில் உலகின் முதல் சீர்திருத்தவாதி. கடனாளிகளை விடுவித்தார், பிணத்தை அடக்கம் செய்யக் கட்டணமாக வாங்கிய பீரை 7 சாடியிலிருந்து 3 சாடியாகக் குறைத்தார், ஆட்சியாளர் குடும்பம் வளைத்துப்போட்டிருந்த சொத்தைத் தெய்வங்களுக்கே திருப்பித் தந்ததாகவும் சொல்லிக்கொண்டார். ஆனால் முந்தைய ஆட்சியாளரின் மனைவி பரநம்தரா நடத்திய பெரும் பண்ணை, பெயர் மாறி 'பாவு தேவியின் இல்லம்' ஆன பிறகும், அதை நிர்வகித்தவர் உருஇனிம்கினாவின் மனைவி ஷாஷாதான். பலகையில் பெயர் மாறியது, சாவி வீட்டிலேயே இருந்தது. இருந்தாலும் ஒன்று: அதிகாரத்தைப் பிடித்தவர் அடக்கச் செலவு வரை மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அக்காத் அரசர்களின் கல்வெட்டுகளில் இப்படியொரு பேச்சே கிடையாது.

லகாஷைச் சூறையாடியது கடைசியில் உம்மாவின் லுகல்சாகெசி. அவரை சர்கோன் சுமார் கி.மு. 2334-இல் தொடங்கிய தன் ஆட்சியில் தோற்கடித்து, கழுத்தில் கட்டை மாட்டி நிப்பூர் நகரத்தில் சுமேரியரின் தலைமைத் தெய்வம் என்லிலின் கோயில் வாசலுக்கு இழுத்துச் சென்றார். ஊர் என்ற பெயருள்ள நகரம், லகாஷ், உம்மா ஆகியவற்றின் மதில்களை இடித்தார். தினமும் 5,400 பேர் தன் முன்னால் சாப்பிட்டார்கள் என்பது அவருடைய பெருமை. மெலுஹா, மாகன் (இன்றைய ஓமான் பகுதி), தில்முன் (இன்றைய பஹ்ரைன் பகுதி) ஆகிய நாடுகளின் கப்பல்கள் அக்காத் துறையில் வந்து நின்றன. மெலுஹா என்பது சிந்துவெளி என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. மெலுஹா மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முத்திரையே அக்காத் காலத்திலிருந்து கிடைத்திருக்கிறது! வணிகம் என்று வந்தால் அக்காத்தின் வீச்சு லகாஷுக்குக் கிடையாது, இதில் வாதமே இல்லை.

பிடித்ததை வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். சர்கோன் நகரங்களுக்குத் தன் ஆட்களை ஆளுநர்களாக அனுப்பினார், மகள் என்ஹெதுவன்னாவை ஊர் நகரத்தில் நிலவுத் தெய்வம் நன்னாவின் தலைமைப் பூசாரியாக அமர்த்தினார். இரண்டாவது ஏற்பாடு அபாரமான யோசனை. பின்வந்த வம்சங்களும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் மகள்களை அதே பதவியில் அமர்த்தின. ஆனாலும் சர்கோன் இறந்ததும் சுமேரிய நகரங்கள் கிளர்ந்தன. மகன் ரிமுஷ் அடக்கிய விதம் கொடூரமானது. பேரன் நராம்-சின் காலத்தில் மறுபடி பெருங்கிளர்ச்சி. ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்றதாக அவர் எழுதி வைத்தார். நகரம் நகரமாகவே இருந்தது, மேலே ஒரு காவற்படை உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இரண்டு வெற்றிக் கற்கள் இருக்கின்றன. லகாஷின் எஅன்னதும் நட்ட கழுகுக் கல்லின் ஒரு பக்கம் முழுக்கத் தெய்வம்தான் பெரிய உருவம், எதிரிகளை வலைக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அரசர் மறுபக்கம், படைக்கு முன்னால். நராம்-சின் கல்லில் அரசரே மலையேறுகிறார், தெய்வங்கள் மட்டும் அணியும் கொம்புக் கிரீடம் அவர் தலையில், தெய்வங்களோ உச்சியில் வெறும் நட்சத்திரங்கள். தலைநகர மக்கள் வேண்டிக்கொண்டதால்தான் தெய்வமானேன் என்று அவர் இன்னொரு கல்வெட்டில் விளக்கமும் தருகிறார். பல நகரத் தெய்வங்களுக்கு மேலே நிற்க வேறு இடம் இல்லாததால் கண்டுபிடித்த இடம் இது என்று நினைக்கிறேன். அது உதவவில்லை. அவர் மகனுக்குப் பின் வந்த குழப்பத்தை, 'யார் அரசர், யார் அரசரில்லை?' என்று கேட்கிறது சுமேரிய அரசர் பட்டியல். வறட்சியும் கிழக்கு மலைநாட்டுக் குத்தியரின் படையெடுப்பும் பங்கு வகித்திருக்கலாம். ஆட்சி நிலைத்தது சுமார் 180 ஆண்டுகள். அக்காத் நகரம் இருந்த இடம் இன்றுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

மூன்றாவது வழி, ஊர் நகரத்து மூன்றாம் வம்சம், கி.மு. 2112 முதல் சுமார் 2004 வரை. ஊர்-நம்மு தொடங்கியதை, 48 ஆண்டு ஆண்ட ஷுல்கி முழுமையாக்கினார். அக்காத் தடுமாறிய இடத்தை இவர்கள் சரியாகப் பிடித்தார்கள். ஒவ்வொரு மாகாணத்திலும் நிலமும் கோயிலும் உள்ளூர்க் குடும்பத்து என்சியிடம், படை மட்டும் அரசர் நியமித்த தளபதியிடம். மாகாணங்கள் 'பாலா' என்ற முறை வைத்து வரி செலுத்தின. ஒவ்வொரு ஆட்டுக்கும் ரசீது. புஸ்ரிஷ்-தகான் கால்நடை மையத்தின் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. மூன்றில் சிறந்த நிர்வாகம் இதுதான், மூச்சு முட்டும் நிர்வாகமும் இதுதான். கூலியாட்களின் வேலைநாள் கணக்கில் விழுந்த பற்றாக்குறை மேற்பார்வையாளர் தலையில் கடனாக ஏறியது. அவர் இறந்தால் குடும்பத்திடமிருந்து வசூல்.

கடைசி அரசர் இப்பி-சின் காலத்தில் மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பங்கு அனுப்புவதை நிறுத்தின, தலைநகரத்தில் தானியத் தட்டுப்பாடு. தானியம் வாங்க அனுப்பிய அதிகாரி இஷ்பி-எர்ரா, இசின் நகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே அரசரானார். ஊர் நகரம் கிழக்கே இன்றைய ஈரானில் இருந்த ஏலாமியரிடம் விழுந்தது. பிறகு சுமேரில் ஆண்டவை இசின், லார்சா, உரூக்: வாய்க்காலும் களஞ்சியமும் கோயிலும் சொந்தமாக வைத்திருந்த தனித்தனி நகரங்கள்.