துபாய், சிங்கப்பூர், ஜப்பான்: வேலூர்க்காரர் கார் வாங்கப் போனால்

மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. காட்பாடியில் பொறியியல் படித்த பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கார் பேச்சு எழுந்தால், துபாயில் மலிவு, சிங்கப்பூரில் யானை விலை என்பதோடு அது முடிந்துவிடுகிறது. எனக்கு அது பாதிக் கணக்காகவே படுகிறது. வேலை விசாவில் இருக்கும் அயல்நாட்டவருக்கு முட்டுக்கட்டை துபாயில் ஓட்டுநர் உரிமத்திலும், சிங்கப்பூரில் காரின் பதிவிலும், ஜப்பானில் காரை நிறுத்தும் இடத்திலும் இருக்கிறது.

துபாயை முதலில் எடுத்துக்கொள்வோம். வேலூர் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிச் செல்லும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, குடியிருப்பு விசா கிடைத்தபின் அங்கே செல்லாது. உரிமத்தை நேரடியாக மாற்றிக் கொடுக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால், நம்மவர்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேறியாக வேண்டும். ஊரில் உரிமம் எடுத்து எத்தனை ஆண்டாயிற்று என்பதைப் பொறுத்துப் பாட மணிகள் குறையும் என்பதால், கிளம்பும் முன் பழைய உரிமத்தைக் காலாவதியாக விடாதிருப்பது நேரடியாகவே பணத்தை மிச்சப்படுத்தும்.

அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் மீதி எளிது. எமிரேட்ஸ் அடையாள அட்டையும் காப்பீடும் இருந்தால், முல்கியா எனப்படும் பதிவு அட்டை விரைவில் கைக்கு வந்துவிடும். நம் ஊரில் ஆர்சி 15 ஆண்டுக்குச் செல்லும். முல்கியாவையோ ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டு கடந்த கார் என்றால் ‘பாஸிங்’ என்று எல்லாரும் சொல்லும் தகுதிச் சோதனையிலும் தேற வேண்டும். நிலுவை அபராதங்களைக் கட்டாமல் புதுப்பிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. டிஎன் 23 எண் காரோடு அடுத்தவர் வீட்டுக்குப் போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அங்கே எண் பலகை விற்றவரிடமே தங்கிவிடுவது வேடிக்கையாக இருக்கும். வங்கிக் கடன், காரின் மதிப்பில் 80 விழுக்காட்டுக்கும் ஐந்து ஆண்டுக்கும் மேல் போகாது.

பழைய கார் வாங்குவோர் ‘ஜிசிசி ஸ்பெக்’கா ‘அமெரிக்கன் ஸ்பெக்’கா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். முன்னது வளைகுடா வெப்பத்துக்கென்று செய்யப்பட்டது. பின்னது விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, அமெரிக்காவில் ஏலம் போய், பூச்சு பூசி வந்ததாகவும் இருக்கலாம். என் மைத்துனர் விலையை மட்டும் பார்த்து ஒன்றை எடுத்தார். மிச்சம் பிடித்த பணத்தை இரண்டே கோடையில் ஏசியும் மின்கம்பிகளும் தின்றுவிட்டன. வேலூர் வெயிலைப் பார்த்தவருக்கு எந்த வெயிலும் பொருட்டில்லை என்று அதுவரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். வேலை பாஸ் வைத்திருப்பவர் இந்திய உரிமத்தோடு 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் அடிப்படை எழுத்துத் தேர்வு ஒன்றில் தேறினால் உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். சாலையும் நம்மைப் போலவே இடப்பக்கம். ஆனால் காரைப் பதிவு செய்ய 1990 முதல் சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் வேண்டும். மாதம் இருமுறை ஏலத்தில் விடப்படும் அது 10 ஆண்டுக்கே செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 1,06,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு)ப் போனது. இறக்குமதி மதிப்பு 20,000 வெள்ளி உள்ள ஒரு காருக்கு, அதே அளவு கூடுதல் பதிவுக் கட்டணமும், 20 விழுக்காடு கலால் வரியும், ஜிஎஸ்டியும், அந்தச் சான்றிதழும் சேர்ந்தால், விற்பனையாளரின் லாபத்துக்கு முன்பே ஒன்றரை இலட்சம் வெள்ளியைத் தாண்டிவிடும். மதிப்பு 20,000 வரை உள்ள காருக்கு விலையில் 70 விழுக்காடும், அதற்கு மேல் 60 விழுக்காடுமே கடன். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போகும் இளைஞர் இந்தக் கணக்குக்குள் நுழையவே கூடாது என்பது என் கருத்து. எம்ஆர்டி ரயில் இருக்கிறது.

ஜப்பானில் காரும் மலிவு, சாலையும் இடப்பக்கம். நம் பன்னாட்டு அனுமதியும் ஓராண்டு வரை செல்லும். அதன்பின் உரிமத்தை மாற்ற வேண்டுமானால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபர் முதல் எழுத்துத் தேர்வின் வினாக்கள் 10இலிருந்து 50ஆகிவிட்டன. வழக்கமான அளவுள்ள காரைப் பதிவு செய்ய, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் இருப்பதாகக் காவல் நிலையம் தரும் சான்றும், கையெழுத்துக்குப் பதிலாக அங்கே வைக்கும், நகராட்சியில் பதிந்த சொந்த முத்திரையும் தேவை. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் வரும் ‘ஷாகென்’ சோதனையின் செலவைப் பலர் வாங்கும்போது மறந்துவிடுகிறார்கள்.

ஊர் திரும்பும் நாளையும் வாங்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பதிவை நீக்கினால் சிஓஇயில் எஞ்சிய காலத்துக்குரிய தொகை திரும்பக் கிடைக்கும். துபாயில் கடனை அடைத்து, விசாவை ரத்து செய்யும் முன்பே காரை விற்றுவிட வேண்டும். கடைசி வாரத்தில் விற்பவரிடம் எல்லாரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்று கனவு காண்போரும் உண்டு. இந்திய இறக்குமதி விதிப்படி பழைய காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வயதும் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட துபாய்க் கார், டிஎன் 23 பலகையோடு அண்ணா சாலையில் ஓட வழியே இல்லை.