கேட் (GATE) எக்ஸாமா ஜிஆர்இ (GRE) எக்ஸாமா? வேலூர் பசங்க குழப்பத்துக்கு

காட்பாடி டீக்கடைல ஃபைனல் இயர் பசங்க உக்காந்தாலே இந்தப் பேச்சுதான் பா, இங்கயே எம்டெக் சேர்றதுக்கு கேட்டா, வெளிநாட்ல மேல்படிப்புக்கு ஜிஆர்இயா, எதை எழுதறதுன்னு.

துட்டு: கேட்டுக்கு சுமார் 2,000 ரூபா, பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் பாதிதான்.
ஜிஆர்இக்கு 20,000க்கு மேல, அப்பா கிட்ட கேக்கவே ரெண்டு நாள் தைரியம் சேக்கணும்.

ஸ்கோர் எத்தினி நாள் செல்லும்: கேட் 3 வருசம், ஜிஆர்இ 5 வருசம்.

கஷ்டம்: கேட்ல உன் டிபார்ட்மெண்ட் பாடம் ஃபுல்லா வரும், 3 மணி நேரம், 65 கேள்வி, எம்சிக்யூ (நாலு பதில்ல ஒன்னைத் தேர்ந்தெடுக்கற கேள்வி) தப்பானா மார்க் வெட்டுவான், வருசத்துக்கு ஒரே வாட்டி பிப்ரவரில, விட்டா அவ்ளோதான்.
ஜிஆர்இல மைனஸ் கிடையாது, 2023 செப்டம்பர்லருந்து 2 மணி நேரத்துக்குள்ள முடியுது, சொதப்பினா 21 நாள் கழிச்சி திரும்ப எழுதலாம் (மறுபடி அதே துட்டு!), வீட்லயே கூட எழுதலாம், ஆனா நம்மூர் மே மாச வெயில்ல கரண்ட் போச்சுன்னா இன்னா பண்றது.

இங்கயே எம்டெக், மாசம் 12,400 ஸ்டைபண்ட் (படிக்கறப்ப தர்ற உதவித்தொகை), பிஎஸ்யு (மத்திய, மாநில அரசு கம்பெனி) வேலைன்னா கண்ணை மூடிக்கினு கேட். அமெரிக்கான்னா ஜிஆர்இ, ஆனா அங்க நிறைய காலேஜ் இப்ப அதைக் கேக்கறதே இல்ல, உன் காலேஜ் லிஸ்ட்ல எது கேக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் துட்டு கட்டு.