ரப்பர் படகு என்று நம்பி 28,500 ரூபாயைக் கொடுத்தேன், என் நைனா (அப்பா) தப்பித்ததே பெரிசு

நேற்று சாயங்காலம் நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை. வேறு யாரும் ஏமாறக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

காவேரிப்பாக்கம் ஏரியில் மீன்பிடிக்க எனக்கும் மச்சானுக்கும் பொதுவில் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. கரையோரம் முழுக்கச் சேறு, தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும் படகு தரைதட்டிவிடும். அதனால் நூறு அடி தள்ளி நங்கூரம் போட்டு நிறுத்துவோம். அந்த நூறு அடிக்கு இத்தனை நாளும் தெர்மாகோல் தெப்பம்தான். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வந்து ஏரி நிரம்பிக் கோடி வழிந்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் தெப்பம் என்ன பாடுபடும் என்று. நைனாவுக்கு 63 வயசு. இனி தெப்பம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரப்பர் படகு என்றால் சுருட்டி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு வரலாம், பெரிய படகில் உரசினாலும் கீறல் விழாது, ஏறி இறங்கும்போது சட்டென்று கவிழாது.

பழசு புதுசு எல்லாம் விற்கிற ஒரு ஆப்பில் விளம்பரம் பார்த்தேன். மூன்று பேர், 300 கிலோ தாங்குமாம். வீடியோ காலில் வந்தவன் தடியான சாம்பல் நிறப் படகைக் காட்டி, முஷ்டியால் டம் டம் என்று குத்தினான். அப்புறம் கேட்டான்: "எந்த ஊர் அண்ணா?" வேலூர்ப் பக்கம் என்றேன். "அய்யோ, எங்க அம்மாவுக்கு சிஎம்சியிலதான் ஆபரேஷன் ஆச்சு. உங்க ஊர்க்காரங்களுக்குப் போய் தப்பான சரக்கு கொடுப்பேனா?" அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பாதிப் பணம் இப்போது, மீதி பொருள் வந்த பிறகு என்று வீட்டுக்காரி சொன்னாள். கேட்காமல் 28,500 ரூபாயையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

ஆறாம் நாள் வாலாஜாவில் பார்சல் ஆபீஸில் எடுத்தேன். பெட்டியை ஒரு கையால் தூக்க முடிந்தது. பிரித்தால் நீல நிறம், மழைக்கோட்டு கனத்தில் பிளாஸ்டிக். போன் போட்டால், "சாம்பல் ஸ்டாக் இல்ல அண்ணா, சரக்கு அதேதான்" என்றான். அதையும் நம்பினேன்.

வலையோடு நைனா ஏறிப் போனார். பாதி தூரத்தில் பின்பக்க ஒட்டு ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. மொத்தப் படகுக்கும் ஒரே காற்றறை, ஒரு நிமிஷத்தில் சுருங்கிவிட்டது. அவருக்கு நீச்சல் தெரியும், ஆனால் வலை காலில் சுற்றிக்கொண்டது. எப்படியோ நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்தான் தெப்பத்தில் வந்து தூக்கினார். படகைக் கரைக்கு இழுத்துத் திருப்பினால், அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது: நீச்சல் குளத்துக்கு மட்டும், உயிர்காக்கும் சாதனம் அல்ல.

ராத்திரி கூப்பிட்டால், "காத்து அதிகமா அடிச்சிருப்பீங்க." காலையில், "வெயில்ல வச்சீங்களா?" மத்தியானம், "ஏரிக்குக் கொண்டுபோக யார் சொன்னது?" என்று கட் பண்ணினான். இப்போது நம்பரே போகவில்லை. ஆப்காரர்களுக்கு எழுதினேன். வாங்குகிறவர், விற்கிறவர் விவகாரத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். 28,500 ரூபாய், எங்களுக்கு இரண்டு மாச வருமானம்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து நேரில் போய்ப் பாருங்கள். தனித்தனியாக இரண்டு மூன்று காற்றறை இருக்க வேண்டும். காற்றடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், தளர்ந்தால் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், நான் ஏற்றினேன். ஒகேனக்கல் பக்கம் போய் ஒரு பரிசல் வாங்கி வா என்று மாமா அப்போதே சொன்னார்.

பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். நான் இன்று மத்தியானம்தான் அடித்தேன். நுகர்வோர் உதவிக்கு 1915. இதை எழுதும்போதுகூடப் பார்த்தேன், அதே சாம்பல் படகுப் படம் அந்த ஆப்பில் அப்படியே இருக்கிறது, அதே 28,500 ரூபாய்க்கு.