முதல் ட்சுபா: இரும்பா, ஷாகுதோவா?

போன நவம்பரில் டோக்கியோவில் ஒரு வாள் கடையில், இரண்டு ட்சுபாக்களை, அதாவது வாளின் கைக்காப்புத் தட்டுகளை, முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை, 70,000 யென்னை ஒட்டி. ஒன்று இரும்பு. கையெழுத்து இல்லை. கொக்கு ஒன்று சிறகை வட்டமாக விரித்து நிற்பதுபோல் தட்டையே வெட்டித் துளைத்திருந்தார்கள். இன்னொன்று ஷாகுதோ என்ற செம்புக் கலவை. கருநீலப் பரப்பில் தங்கச் செவ்வந்தி, நடுத்துளைக்குப் பக்கத்தில் யோகோயா சோமின் என்ற பெயர்பெற்ற உலோகக் கலைஞரின் பெயரில் கையெழுத்து. இரண்டுக்குமே சான்றிதழ் கிடையாது. நான் இரும்பை எடுத்தேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் யார் கேட்டாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

ஜப்பானிய வாளில் அலகுக்கும் பிடிக்கும் நடுவே வரும் தட்டுதான் ட்சுபா. பெரும்பாலும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் கனம். பிடிக்குள் போகும் அலகின் வால்பகுதி நுழைய நடுவில் ஒரு துளை இருக்கும். அதன் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ, சிறு கத்தியும் கோகாய் என்ற ஊசிபோன்ற கருவியும் நுழைய வேறு துளைகள் இருக்கலாம். ஜப்பானில் வாள் வைத்திருக்கப் பதிவுச் சீட்டு வேண்டும், ட்சுபாவுக்கு வேண்டாம். சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரலாம்.

அழகில் எது உசத்தி என்று வாதாடப் போவதில்லை. ஷாகுதோவை முதல்முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பவர் மயங்கத்தான் செய்வார். செம்போடு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தங்கம் கலந்த உலோகம் அது. வேலை முடிந்ததும் துருவிய முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கலந்த நீரில் காய்ச்சினால் காக்கைச் சிறகின் கருமை வரும். இரும்பு இந்த அளவுக்கு உடனே மனதை இழுக்காது, அது பழகப் பழகத்தான் பிடிக்கும். பராமரிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எனக்கு முடிவைத் தந்தது வேறு ஒரு விஷயம்: இந்த இரண்டிலும் போலி எப்படிப் போலியாகிறது என்பது.

இரும்பில் பொய் பெரும்பாலும் உலோகத்திலேயே இருக்கும். பழைய ட்சுபா அடித்து உருவாக்கிய இரும்பு. வடிவத்தை உளியாலும் அரத்தாலும் வெட்டி எடுத்திருப்பார்கள். போலி, அச்சில் ஊற்றிய வார்ப்பு. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும்.

முதலில் பார்க்க வேண்டியது முகப்பை அல்ல. வெட்டுத்துளைகளின் உள்சுவரைப் பாருங்கள். கையால் வெட்டியதில் அரம் ஓடிய தடம் தெரியும், மூலைகள் கூர்மையாக மடங்கும். வார்ப்பில் மூலைகள் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். பரப்பு ஆரஞ்சுத் தோல் போலிருக்கும், குமிழி வெடித்த நுண்குழிகளும் இருக்கும். சில நேரம் உள்சுவரின் நடு உயரத்திலோ வெளி விளிம்பிலோ மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. அரத்தால் தேய்த்து மறைத்திருந்தாலும் சின்னத் துளைகளுக்குள் தேய்க்க மறந்திருப்பார்கள்.

அப்புறம் நடுத்துளை. அதில் ட்சுபாவின் வாழ்க்கையே எழுதியிருக்கும். ஒரு வாளிலிருந்து இன்னொரு வாளுக்கு மாறும்போது துளையை இறுக்க மேலும் கீழும் செம்புத் துண்டு செருகுவார்கள், அல்லது சுற்றிலும் உளியால் குத்தி உலோகத்தை உள்நோக்கித் தள்ளுவார்கள். அசலில் அந்தக் குத்துகளின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும். போலியில் குத்தும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் பள்ளம் மட்டும் மங்கலாகத் தெரியும். செம்புத் துண்டு தனியாகச் செருகியதா, இரும்பின் மேலேயே செம்பு நிறம் பூசியதா என்று இணைப்பைப் பாருங்கள். ஆனால் துளையில் ஒரு தடமும் இல்லாததால் மட்டும் போலி என்று தள்ளிவிட வேண்டாம். வாளில் ஏறாமலே பெட்டியில் இருந்த அசல்களும் உண்டு.

துரு மூன்றாவது சாட்சி. நூறு இருநூறு வருடம் கைபட்ட இரும்பு கருமையோடு பழுப்பும் லேசான ஊதாவும் கலந்து, உள்ளிருந்து எண்ணெய் கசிவதுபோல் மினுங்கும். அமிலம் தடவி அவசரமாக ஏற்றிய துரு எல்லா இடத்திலும் ஒரே செம்மண் நிறம், விரலில் ஒட்டும். வெள்ளைப் பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் கருப்புச் சாயம் வருகிறதா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏமாந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு திறந்தவெளிச் சந்தையில் 18,000 யென் கொடுத்து, சக்கர வடிவ ட்சுபா ஒன்றை வாங்கினேன். விளிம்பில், கடிகார முள் ஏழு மணி காட்டும் இடத்தில், பயற்றம்பருப்பு அளவில் ஒரு அரிப்புக் குழி. அதைப் பழமையின் அடையாளம் என்றே ரசித்தேன். மூன்று மாதம் கழித்து வேறு ஊர்ச் சந்தையில் அதே சக்கரம், அதே ஏழு மணியில் அதே குழி. கை வேலையில் ஒரே வடிவம் திரும்ப வரலாம், ஒரே காயம் திரும்ப வராது. எங்கோ ஒரு அசலில் அச்செடுத்து ஊற்றியிருக்கிறார்கள். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் இப்படி அச்செடுத்த நகல் அசலைவிட ஒரு துளி சிறியதாகவும் இருக்கும். அருங்காட்சியகப் பட்டியலில் அதே வடிவத்தின் அளவு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பெரிய சேகரிப்பு ஒன்று இருக்கிறது.

சரி, ஷாகுதோ பக்கம் வருவோம். அங்கும் மட்டமான வார்ப்புகள் உண்டு, அவற்றைப் பிடிப்பது கஷ்டமில்லை. மீன்முட்டை போன்ற நானாகோ என்ற புள்ளிப் பரப்பு நல்ல வேலையில் ஒவ்வொரு மணியும் ஒரு தனி அடி. ஆயிரக்கணக்கில், வரிசை பிசகாமல் போகும். வார்ப்பில் மணிகள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தங்கம் இருக்க வேண்டிய இடத்தில் முலாம் எல்லை தாண்டி வழியும். கவலை இந்த மட்டமான சரக்கில் இல்லை. உலோகமும் பழையது, வேலையும் திறமையானது, கையெழுத்து மட்டும் பொய் என்று வருகிறதே, அதில்தான் கவலை. ஜப்பானியர் அதை கிமெய் என்கிறார்கள். சோமின் (1670–1733), கானோ நட்சுவோ (1828–1898) போன்ற பெயர்களுக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. அதனால் அவர்கள் பெயரை வெட்டியவர்களும் தேர்ந்த கைவினைஞர்களே. 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்த பிறகு இந்தக் கைவினைஞர்களின் பிழைப்பு தலைகீழானது. நட்சுவோ அதற்கு முன்பே மெய்ஜி அரசின் நாணய வேலைக்குப் போயிருந்தார். பலர் யோகோஹாமா துறைமுகம் வழியாக வந்த வெளிநாட்டவருக்காகப் பொருள் செய்தார்கள். அதில் பெயருக்குத் தனி விலை.

இதைக் கண்ணாடி வைத்துப் பார்த்து என்ன செய்வது? அசல் சோமினின் உளிவீச்சை நேரில் பலமுறை பார்த்த கண் வேண்டும். எனக்கு அது இல்லை. அன்று கடைக்காரரே, “கையெழுத்துக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்” என்று நேராகச் சொன்னார். நேர்மையான மனிதர். அவர் சொல்லாவிட்டாலும் அந்த விலையே சொல்லியிருக்கும்: அசல் சோமின் 70,000 யென்னுக்குக் கிடைக்காது.

இரும்பில் பெயர்ப் பொய்யே இல்லை என்று சொல்லவில்லை. நொபுயியே, கானெயியே என்ற பழைய பெரிய கைவினைஞர்களின் கையெழுத்துகளைப் பார்த்தால் விலகி நில்லுங்கள். ஹிகோனே ஊர்க் கைவினைஞர் சோதென் பெயரில் வந்த போலிகள் ஏராளம். ஆனால் இரும்பு வெட்டுத்துளை வேலையில் பெரும்பகுதிக்குக் கையெழுத்தே கிடையாது. ஓவாரி, கியோ, அகாசாகா என்று பட்டறை மரபைத்தான் சொல்வார்கள். மரபைத் தவறாகச் சொன்னாலும் தட்டு தட்டாகவே இருக்கும். ஷாகுதோவில் பெயர் விழுந்தால் விலையில் பெரும்பகுதி விழுந்துவிடும்.

பராமரிப்பும் இரும்புக்கே சாதகம், ஆனால் அதற்கு உழைக்க வேண்டும். ஜூனில் தொடங்கும் ட்சுயு மழைக்காலத்தில் புதுச் செந்துரு எட்டிப் பார்க்கும். மான்கொம்புத் துண்டாலோ எலும்புத் துண்டாலோ அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டி, பருத்தித் துணியால் நாள்கணக்கில் தேய்த்தால் கருமை திரும்பும். இரும்பு நாரும் பாலிஷும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஷாகுதோவில் செய்ய வேண்டியது தொடாமல் இருப்பது. விரல் வியர்வை அதில் தடமாகப் பதியும், தேய்த்தால் நிறமே போகும். என்னிடம் கையெழுத்தில்லாத சிறிய ஷாகுதோ ஒன்றுதான் இருக்கிறது, அதையும் கிரி மரப்பெட்டியை விட்டு அதிகம் எடுப்பதில்லை. ஆகவே நீண்டகாலப் பராமரிப்பு பற்றி நான் சொல்வதில் இந்தப் பாதியை அனுபவசாலி ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஷாகுதோதான் வேண்டும் என்றால் சான்றிதழோடு வாங்குங்கள். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தரும் ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன் சீட்டுகளைச் சந்தை நம்புகிறது. கிமெய் என்று பட்டால் அவர்கள் சீட்டு தரமாட்டார்கள். 1982க்கு முந்தைய பழைய கிச்சோ சீட்டுகளுக்கு அந்த மதிப்பு இல்லை, அதை மட்டும் காட்டிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். சீட்டில் உள்ள படமும் கையிலுள்ள பொருளும் ஒன்றுதானா என்று துளைகளையும் காயங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அந்தச் சங்கத்தின் வாள் அருங்காட்சியகம் இப்போது டோக்கியோவின் ரியோகோகுவில் இருக்கிறது. எதையும் வாங்குவதற்கு முன் அங்கே ஒரு பிற்பகல் நின்று பார்ப்பது நல்லது.

என் கொக்கை இந்த வசந்தத்தில் அதே சங்கத்தின் பரிசீலனைக்குக் கொடுத்தேன். கடைக்காரர் அதைக் கியோ வேலை என்று சொல்லித்தான் விற்றிருந்தார். ஹோசோன் சீட்டோடு திரும்பி வந்தது, அதில் அகாசாகா என்று எழுதியிருந்தது.